அந்த சுகர் இல்லை, இது வேற

"சுகர் டெஸ்ட் இங்கதானே சார்?"

ஆய்வுக்கூடக் கதவைத் திறந்ததும் இதுதான் முதல் கேள்வி. கேட்டவர் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவருக்குப் பின்னால் படிக்கட்டு வரை வரிசை. எல்லார் தலையும் ஈரம், தோளில் துண்டு.

புரிந்துவிட்டது. என் அக்காவின் வேலை!

அக்கா நீச்சல் குளத்தில் பயிற்சி கொடுக்கிறாள். நான் ரத்தத்தில் ஆராய்ச்சி செய்கிறேன். ரத்தத்தை மெஷினில் சுழலவிட்டால் சிவப்பு அடியில் தங்கி, மேலே மஞ்சளாக நிற்கும். அதுதான் பிளாஸ்மா. அதில் நீளநீளமாகச் சர்க்கரைச் சங்கிலிகள் மிதக்கும். ரத்தத்தில் கிருமி பரவினால் இந்தச் சங்கிலிகள் கூடும் என்பது என் கணிப்பு. அளந்து நிரூபித்துவிட்டால் டாக்டர்கள் முன்கூட்டியே உஷாராகலாம்.

நோயாளிகளின் ரத்தம் வந்துவிட்டது. ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமானவர்களின் ரத்தம்தான் கிடைக்கவில்லை. இந்த மாதத்துக்குள் கிடைக்காவிட்டால் ஆராய்ச்சிக்கே மூடுவிழா.

நோட்டீஸ் ஒட்டியிருந்தேன். 'மனித பிளாஸ்மாவில் கூட்டுச் சர்க்கரை மூலக்கூறுகளின் அளவீடு: தன்னார்வலர்கள் தேவை.' எழுதிவிட்டு நானே பலமுறை படித்து ரசித்தேன். வேறு யாரும் படித்த மாதிரி தெரியவில்லை.

அக்காவிடம் புலம்பியபோது, "என் கிளாஸ்ல சொல்லிப் பார்க்கட்டுமாடா?" என்றாள்.

"ஐயோ, வேண்டாம்க்கா. ஆள் பிடிச்சு ஆராய்ச்சி பண்ற அளவுக்கு நான் இன்னும் இறங்கிடலை."

இப்போது ஆள் வந்து நிற்கிறது. அதுவும் சுகர் டெஸ்டுக்கு!

எல்லாரையும் உட்காரவைத்துத் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"இது நீங்க நினைக்கிற சுகர் இல்லை. ரிசல்ட் எதுவும் தரமாட்டோம். இதனால உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் கிடையாது. எங்க ஆராய்ச்சிக்காக மட்டும்தான் ரத்தம் எடுப்போம். இஷ்டமில்லாதவங்க தாராளமா கிளம்பலாம்."

ஒருவரும் அசையவில்லை.

சரி, மண்டையில் ஏறவில்லை என்று போர்டில் சங்கிலி வரைந்து விளக்கினேன்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவராம், ஒருவர் கை தூக்கினார். "சங்கிலின்னா கழுத்துல போடுறதா சார்?"

அழித்துவிட்டு மறுபடி வரைந்தேன்.

"டீயில சர்க்கரையைக் குறைச்சா சங்கிலி அறுந்துடுமா தம்பி?" என்றார் ஒரு அம்மா.

இத்தனை வருஷப் படிப்பும் போர்டு துடைக்கத்தான் பயன்பட்டது. ஒரு வழியாக எல்லாரும் சம்மதம் சொல்லி, கையெழுத்துப் போட்டு, வரிசையாக நர்ஸிடம் கையை நீட்டினார்கள். ட்யூப்கள் நிறைந்துகொண்டே வந்தன. நடுவில் வராந்தாவுக்குப் போய் அக்காவுக்கு போன் போட்டேன்.

"ஏன்க்கா என் மானத்தை வாங்கறே? நான் பண்றது என்ன, நீ சொல்லி அனுப்பறது என்ன? தம்பி என்ன வேலை பார்க்கிறான்னுகூட உனக்குப் புரியலையா?"

"எனக்கு உன் அளவுக்கு அறிவு ஏதுடா? ரத்தம் எடுத்தியா?"

"எடுக்கிறாங்க."

"அப்ப சரி. போனை வை, பசங்க தண்ணியில இருக்காங்க."

திரும்பி வந்தேன். கடைசி ஆளாக கிரேன்காரர் மட்டும் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். எனக்குத் தாங்கவில்லை.

"ஐயா, தப்பா நினைக்காதீங்க. இது சுகர் டெஸ்ட் இல்லைன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். அப்புறமும் எதுக்கு ஊசி குத்திக்கிட்டீங்க?"

அவர் கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். யாரும் இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உதவி பண்ண வந்தோம்னு சொன்னா என் தம்பி ரோஷப்பட்டுத் திருப்பி அனுப்பிடுவான், சுகர் டெஸ்ட்டுன்னே சொல்லுங்கன்னு உங்க அக்கா குளத்தங்கரையிலயே ஒத்திகை பார்த்து அனுப்பினாங்க தம்பி. அந்தக் கழுத்துச் சங்கிலி மட்டும் நானா சேர்த்துக்கிட்டது... நல்லா இருந்துச்சா?"