மரத்துப்போன ஈறு

மலையூரான தானா ராத்தாவில் இருந்த ஒரு பல் கிளினிக்கில் ரூபினி உதவியாளராகச் சேர்ந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. நோயாளி முன்னால் முகம் சுளித்தால் வேலை இல்லை என்று டாக்டர் கார்த்திகேசு முதல் நாளே சொல்லிவிட்டார்.

அன்று நாற்காலியில் வாயைப் பிளந்து கிடந்தவர் தேயிலைத் தோட்டத்து லோரி ஓட்டும் சின்னையா. அவருடைய கடைவாய்ப் பல்லை மூடியபடி ஈறு வளர்ந்து, சீழ் பிடித்திருந்தது. வெற்றிலையும் சீழும் கலந்த நாற்றம் ரூபினியின் முகக்கவசத்தையும் தாண்டி ஏறியது. மூச்சை அடக்கிக்கொண்டு, ஸ்ட்ராபெரி வாசனை போட்ட மரத்துப்போகச் செய்யும் ஜெல்லைப் பஞ்சில் எடுத்து அந்த ஈறின் மேல் தடவினாள்.

இரண்டு நிமிடம் போனது.

"ஒண்ணுமே தெரியலலா தங்கச்சி. வாயே இல்லாத மாதிரி இருக்கு," என்றார் சின்னையா.

அந்த நொடியே ரூபினியின் கடைவாய் விண்ணென்று தெறித்தது. நாக்கில் ஸ்ட்ராபெரி இனித்தது, அதன் அடியில் சீழ் கசிந்தது. முகக்கவசத்தை இறக்கித் தொட்டியில் துப்பினாள். சிவந்த எச்சிலோடு மென்ற பாக்கு விழுந்தது. பிறந்ததிலிருந்து அவள் வெற்றிலை போட்டதே இல்லை.

டாக்டர் கத்தியை எடுத்தார். "வெட்டலாமாண்ணே?"

"தாராளமா வெட்டுங்க டாக்டர்."

"வேணாம் டாக்டர்!" என்று கத்த ரூபினி வாயெடுப்பதற்குள் கத்தி இறங்கிவிட்டது. அவள் தன் கன்னத்தைப் பொத்திக்கொண்டாள்.

டாக்டர் குனிந்து பார்த்தார். "என்னண்ணே, ஒரு சொட்டு ரத்தம் வரல? வெட்டின சதையையும் காணோம். முழுங்கிட்டீங்களா?"

"நான் எங்க முழுங்கினேன்?" என்று சிரித்தார் சின்னையா.

"ரூபினி, தட்டுல இருக்கா பாரு."

ரூபினி வாயைத் திறக்கவில்லை. அவள் நாக்கின் மேல் அது வெதுவெதுப்பாகக் கிடந்தது.