வேண்டாத கிரெடிட்

"கல்லூரி வேதியியலைப் பள்ளியிலயே படிச்சு, பரீட்சையில அஞ்சுக்கு அஞ்சு வாங்கியிருக்க. முதல் வருஷப் பாடத்தை இங்க படிக்காமலே முடிச்சதா கிரெடிட் தானா கிடைச்சிடும். எதுக்கும்மா வேண்டாங்கிற?" என்று கேட்டார் கல்லூரி ஆலோசகர் பிரான்ட்.

"எனக்கு அந்த வகுப்புல உட்காரணும் மேடம். கியோ சாரோட வகுப்பு."

"தெரிஞ்ச பாடத்தையே திரும்பக் கேட்டா தூக்கம்தான் வரும்."

"பரவாயில்ல மேடம்," என்று டெஸ்ஸா படிவத்தில் கையெழுத்துப் போட்டாள்.

முந்நூறு பேர் அமரும் அந்த வகுப்புக் கூடத்தில், யாரும் உட்காராத முன்வரிசையில் ஒவ்வொரு வகுப்புக்கும் தனியாக உட்கார்ந்தாள். இரண்டாம் வாரம் வகுப்பு முடிந்ததும் பேராசிரியர் கியோ அவளருகே வந்தார்.

"இதெல்லாம் ஏற்கெனவே படிச்சிட்ட போலிருக்கே?"

"ஆமா சார்."

"அப்புறம் ஏன் இங்க நேரத்தை வீணாக்குற? அடுத்த வகுப்புக்குப் போயிடு. நானே கடிதம் தரேன்."

"இல்ல சார். இங்கயே இருக்கேன்."

"உன் இஷ்டம்." பெயர்கூடக் கேட்காமல் அவர் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அவர் போன கதவையே டெஸ்ஸா பார்த்துக்கொண்டிருந்தாள். தனக்கு மூன்று வயதாக இருந்தபோது விட்டுப்போன அப்பாவை வாரத்துக்கு மூன்று மணி நேரமாவது பார்க்க, அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.