பச்சை விழாத திரை

விளக்கை அணைக்கச் சொன்னார் சர்ஜன்.

ஆபரேஷன் அறை இருண்டது. கேமராத் திரை மட்டும் சாம்பல் நிறத்தில் முழித்தது.

வாடகை தராமல் பக்கத்து அறையையும் பிடித்துக்கொண்ட குடித்தனக்காரன் மாதிரி, குடலில் வளர்ந்த புற்றுக்கட்டி மூத்திரப்பை வரை கால் நீட்டியிருந்தது. காலையிலிருந்து மல்லுக்கட்டி அதை வெளியே தள்ளியாயிற்று. இனி மிச்சக் குடலின் இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைக்க வேண்டும்.

முனை வரை ரத்தம் வருகிறதா என்பதுதான் கேள்வி. அதற்கென்றே உள்ள சாய மருந்தை நரம்பில் ஏற்றினால், ரத்தம் ஓடுகிற இடமெல்லாம் திரையில் பச்சையாய் ஒளிரும். ஒளிராத குடலைத் தைத்தால் பிய்த்துக்கொள்ளும். இன்னும் வெட்டினாலோ தைக்க எட்டாது. வயிற்றில் ஓட்டை, ஓட்டையில் மலப் பை, ஆயுசுக்கும்.

மயங்குவதற்கு முன் நோயாளி மிரட்டியிருந்தார். "வயித்துல பை கட்டி விட்டே, எழுந்து வந்து உதைப்பேன்."

"மருந்து ஏத்திட்டேன் சார்" என்றாள், தலைமாட்டு ஸ்டூலில் இருந்த புது மயக்க டாக்டர்.

திரை சாம்பலாகவே இருந்தது.

அறையில் மூச்சு விட்டது இயந்திரம் ஒன்றுதான். சர்ஜனுக்கு வழிந்த வியர்வையில் துணி துவைக்கலாம். இன்னும் வெட்டுவதற்கு, சர்ஜன் கேட்காமலே நர்ஸ் கத்தரியை நீட்டினார்.

வழக்கமாக இந்நேரம் அந்த ஸ்டூலிலிருந்து ஒரு நக்கல் பறந்து வந்திருக்கும். சர்ஜன் திறந்த வயிறு ஒன்று விடாமல் அங்கிருந்து நேரடி வர்ணனை உண்டு. அந்தக் குரல் இப்போதும் சர்ஜன் காதில் கேட்டது: ஊரையே வெட்டுற ஆளு, முதல்ல குழாயைப் பாருய்யா...

கத்தரி பாதியில் நின்றது.

"மருந்துக் குழாய்த் திருகைத் திறந்தியாம்மா?"

"ஐயோ!"

திரையில் ஒரு பொட்டு. அப்புறம் ஊரிலுள்ள சிக்னலெல்லாம் ஒரே நேரத்தில் விழுந்த மாதிரி, வெட்டிய முனை வரை பச்சை.

சர்ஜன் மறைப்புத் துணிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

ஸ்டூலின் பழைய சொந்தக்காரர், வாயில் மூச்சுக் குழாயோடு, மேஜைமேல் மல்லாந்து கிடந்தார். இத்தனை வருஷத்தில் அவர் வாயைத் திறக்காமல் விட்ட ஆபரேஷன் இது ஒன்றுதான்.

சர்ஜனுக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை.

"சீக்கிரம் ஊசியைக் குடுங்க. எழுந்து வந்து உதைக்கட்டும்."