கயிறு யார் கையில்

கிணற்றடியில் வெயில் சுள்ளென்று விழுகிறது. நான் இடுப்பில் கயிற்றை முடிந்துகொள்கிறேன். மறுமுனை அண்ணன் கையில் இருக்கிறது. அவர் கண்ணில் மை, நகத்தில் சிவப்புப் பூச்சு, கையில் சேறு தெறித்த கண்ணாடி வளையல்கள். தூர்வாரக் கூப்பிட்ட வீட்டுக்காரர் என் காதருகே குனிகிறார். "ஏம்பா, இந்த ஆளு தாங்குவானா? வேற ஆம்பளை யாரும் இல்லையா?" அது அண்ணன் காதிலும் விழுகிறது. "எம் பொண்டாட்டி இருக்கா சார். அவ வந்தா உங்களையும் சேத்துத் தூக்கிடுவா, வரச் சொல்லவா?" வீட்டுக்காரர் வாயைப் பிளக்கிறார். "உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" "ரெண்டு பொண்ணு வேற. இந்த வளையலுக்கு வீட்டுல தினம் அடிதடி." வீட்டுக்காரர் சிரிக்கவில்லை, என்னையே பார்க்கிறார். எங்கள் தொழிலில், கயிறு யார் கையில் என்பதை இறங்குகிறவன்தான் சொல்ல வேண்டும். போன மழையில் கிணற்றுச் சுவர் சரிந்தபோது, உள்ளங்கைத் தோல் உரிந்தும் என்னை விடாமல் இழுத்தவர் அண்ணன்தான். "அண்ணன் புடிச்சாத்தான் எறங்குவேன்" என்கிறேன். அண்ணன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு காலை ஊன்றுகிறார். "எறங்கு தங்கம், நான் இருக்கேன்ல." உள்ளே சில்லென்று இருக்கிறது. அடியில் தண்ணீர் கறுப்பாக மின்னுகிறது. பாதி ஆழத்தில், சுவரில் ஊன்றியிருந்த இரண்டு கால்களையும் எடுத்துவிடுகிறேன். கயிறு அசையவில்லை.