ஏழரை

“உங்க பாஸ்போர்ட்டைக் காட்டுங்க.”

எதிரே இருந்தவன் கூலிங் கிளாஸைக் கழற்றினான். விமான நிலையத்தில் கேட்டிருந்தால் பவ்யமாக எடுத்து நீட்டியிருப்பான். கேட்டதோ காபிக் கடையில், அவன் பார்க்க வந்த பெண்.

அம்மா மேசைக்கடியில் அவள் காலை மிதித்தாள். “வேற எதை வேணா கேளு, அதை மட்டும் கேட்டுடாதே” என்று வழிநெடுகச் சொல்லித்தான் கூட்டி வந்திருந்தாள். வெளிநாட்டு மாப்பிள்ளையைச் சந்தேகப்பட்டால் சம்பந்தம் முறிந்துவிடுமாம்.

“நீ என்ன போலீஸா?” மாப்பிள்ளையின் அக்கா பொங்கினாள். பிறகு பெண்ணின் மணிக்கட்டைப் பார்த்தாள். கடைச் சுவரில் மணி ஐந்து. “இவ வாட்ச்சைப் பாருடா தம்பி! வரும்போதே ஏழரையோட வந்திருக்கா. மணி பாக்கத் தெரியல, இதுல பட்டம் வேற!”

பெண் வீட்டில் முதல் பட்டம் அது. மாப்பிள்ளை வீட்டில் பட்டம் என்று ஏதாவது இருந்திருந்தால், மொட்டை மாடியில் நூல் கட்டிப் பறந்திருக்கும்.

அவள் வாட்ச்சைத் திருத்தவில்லை.

“விடுக்கா, பேட்டரி தீர்ந்திருக்கும்,” என்று அவன் பெருந்தன்மை காட்டினான். “இதோ பாரும்மா, மாசம் ஒரு தடவை பறக்கிறவன் நான். கல்யாணத்துக்கப்புறம் உனக்கு எதுக்கு வேலை? அங்க வந்து வீட்டைப் பாத்துக்க, போதும்.”

“அந்த ஊருக்குப் பறக்க எவ்வளவு நேரமாகும்?”

இவ்வளவுதானா என்று அவனுக்குக் குஷி. “போக ஏழு மணி நேரம். வர ரெண்டே மணி நேரம்.”

“ஒரே தூரம்தானே?”

“போகும்போது எதிர்காத்து. வரும்போது அதே காத்து பின்னாலேருந்து தள்ளிவிடும். இதெல்லாம் போய் வந்தவங்களுக்குத்தான் தெரியும்.”

அம்மா பூரித்துப்போய்த் தலையாட்டினாள். மகளோ சிரித்துவிட்டாள்.

“டிக்கெட்டுல கிளம்புற நேரம் இந்த ஊர்க் கணக்கு, இறங்குற நேரம் அந்த ஊர்க் கணக்கு. அங்க ரெண்டரை மணி நேரம் முன்னால ஓடுது. நீங்க ஒண்ணுலேருந்து ஒண்ணைக் கழிச்சு மனப்பாடம் பண்ணிட்டு வந்திருக்கீங்க. போனாலும் வந்தாலும் நாலரை மணி நேரம்தான். ஒரே ஒரு தடவை உக்காந்து போயிருந்தாகூட இடுப்பு சொல்லியிருக்குமே!”

அவன் கூலிங் கிளாஸை மறுபடி மாட்டிக்கொண்டான். கடைக்குள் வெயில் எதுவும் இல்லை.

“அப்ப... அங்க வேலைன்னு சொன்னது?” அம்மா அவன் பக்கம் திரும்பினாள்.

“விசா இப்பவோ அப்பவோ வந்துடும்...” என்று இழுத்த அக்கா, மீதியைக் காபியோடு சேர்த்து விழுங்கினாள்.

அவள் எழுந்து பையைத் தோளில் மாட்டினாள். “உக்காருடி” என்று அம்மா பிடித்த முந்தானை கையிலிருந்து நழுவியது.

“எங்களைக் கேள்வி கேக்க வந்துட்டா!” அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து அவன் கத்தினான். “முதல்ல போய் உன் வாட்ச்சைச் சரி பண்ணு!”

கண்ணாடிக் கதவைத் தள்ளிப் பிடித்தபடி அவள் திரும்பினாள்.

“சரியாத்தான் ஓடுது. நாளைக்கு நான் வேலைக்குச் சேர்ற ஊரும் நீங்க சொன்ன அதே ஊர்தான்... அங்க ஏழரை முடிஞ்சிருச்சு!”