தலையணையோரம் ஒரு மீட்டர்

நோரீனுக்குச் சத்தம் கேட்கக் கூடாது. அது ஒன்றுதான் வில்ஃபுக்கு முக்கியம்.

கட்டிலில் ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்த மனைவியின் காதருகே, தலையணையோரமாக அந்தச் சின்னக் கறுப்புக் கருவியை வைத்தார். ஜன்னலைச் சாத்தினார். திரையை இழுத்துவிட்டார். கீழே இறங்கிப் போய், பூட்ஸை மாட்டிக்கொண்டு துப்பாக்கியை எடுத்துக்கொண்டார்.

கோழிக் கொட்டகைக்குப் பின்னால் பக்கத்துப் பண்ணை டட்லி காத்திருந்தார். வாயில் சேண்ட்விச், மடியில் டீ பிளாஸ்க்.

"தூங்கிட்டாளா?"

"தூங்கிட்டா."

"அப்ப சட்டுன்னு முடி. எனக்கு மாட்டைப் பாக்கணும்."

டட்லி கோட்டுப் பையிலிருந்து தடித்த கறுப்புக் குழல் ஒன்றை எடுத்து நீட்டினார். "என்னோட சொந்த மாடரேட்டர். முனையில திருகிட்டா, சுட்டது சுட்டவனுக்கே தெரியாது."

"சைலன்சர்னு சொல்லேன்."

"அப்படிச் சொன்னா கடைக்காரன் என்னைக் கொலைகாரனைப் பாக்கற மாதிரி பாக்கறான்யா!"

வில்ஃப் சிரிக்கவில்லை. சிரிக்கத் தெம்பில்லை. குழலைத் திருகி மாட்டிவிட்டு, கொட்டகைக்கு அடியில் இருந்த எலி வளைக்கு நேராக ஏர் ரைஃபிளைச் சாய்த்துவைத்தார்.

விஷம் வைத்தால் கோழிகள் கொத்திவிடும். பொறி வைத்தால் எலிகள் அதைச் சுற்றிக்கொண்டு போகின்றன. சுடுவதுதான் வழி.

"ஏன்யா, ராத்திரி அவ வேலைக்குப் போனதும் சுட வேண்டியதுதானே?"

"இந்தக் கண்ணுக்கு ராத்திரியில எலியும் கோழியும் ஒண்ணுதான்."

நோரீனுக்கு முதியோர் இல்லத்தில் இரவு வேலை. காலை எட்டு மணிக்கு வந்து படுத்தால் மாலை வரை தூங்க வேண்டும். ஆனால் வில்ஃப் எலி சுடத் தொடங்கிய இந்த இரண்டு மாதமாகப் பாதித் தூக்கத்தில் முழித்துக்கொள்கிறாள். போன வாரம் வேலை முடிந்து வரும்போது கண் அசந்து, காரை முள்வேலிக்குள் விட்டுவிட்டாள். நெற்றியில் நான்கு தையல்.

அன்று ஆஸ்பத்திரியில் உட்கார்ந்தபோதே வில்ஃபுக்குத் தோன்றிவிட்டது. அடுத்த தடவை வேலியாக இருக்காது. எதிரே லாரி வரும்.

முன்பெல்லாம் சுட்டதும் மேலே போய், முழித்துவிட்டாளா என்று எட்டிப் பார்ப்பார். முழித்துத்தான் இருப்பாள். இப்போது கணக்காகவே அளந்துவிடுவது என்று இந்தச் சத்தம் அளக்கும் மீட்டரை வாங்கியிருந்தார். கேட்டதில் அதிகமான சத்தம் எவ்வளவோ, அதைப் பிடித்து அப்படியே நிறுத்திக் காட்டும்.

"துப்பாக்கி பக்கத்துல வெச்சுல்ல அளப்பாங்க?" என்று டட்லி முதல் நாளே கேட்டார்.

"தூங்கறது துப்பாக்கியா? அவ காதுல எவ்வளவு விழுதுன்னுதான் எனக்குத் தெரியணும்."

ஒரு நாளைக்கு ஒரே குண்டு. அதற்கு மேல் அவளை வதைக்க மனம் வரவில்லை. சுட்ட கையோடு பன்னிரண்டு மரப் படியும் ஏறி மீட்டரைப் பார்ப்பார். பூட்ஸை மறுபடி கழற்றிக் கட்ட இடுப்பு இடம் கொடுக்காது. படியெல்லாம் சேறு என்று கத்துவதைக்கூட நோரீன் விட்டுவிட்டாள்.

"முழிச்சுட்டியா?"

"ம்ம்."

திங்கள், வெறும் துப்பாக்கி: அறுபத்துமூன்று டெசிபல். செவ்வாய், பழைய மாடரேட்டர்: அறுபத்துமூன்று. புதன், கடையில் வாங்கிய விலை உயர்ந்தது: அறுபத்துநான்கு.

"மீட்டரைத் தூக்கிக் குப்பையில போடு" என்றார் டட்லி. "நேத்து நீ சுட்டப்ப, அந்த மண்வெட்டி மேல உக்காந்திருந்த ராபின் குருவிகூடப் பறக்கல."

"ராபினா காரு ஓட்டுது?"

டட்லி பிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றிக்கொண்டார்.

வளையிலிருந்து ஒரு மூக்கு எட்டிப் பார்த்தது. பிறகு முழு எலி. கொழுத்தது. தீவனத் தொட்டியை நோக்கி நிதானமாக நடந்தது.

வில்ஃபின் விரல் விசையில் பதிந்தது. அந்த நேரம் பார்த்து நோரீனின் சிவந்த கண்ணும் நெற்றித் தையலும் நினைவுக்கு வந்தன.

துப்பாக்கியைத் தாழ்த்தினார்.

"என்னய்யா, ஏன் இறக்கிட்ட?"

"போதும் டட்லி. துப்பாக்கியை நீயே வெச்சுக்கோ. கோழிங்களையும் ஓட்டிக்கிட்டுப் போ. எலியும் கோழியும் இல்லாம இருந்துட்டுப் போறோம். அவ தூங்கினாப் போதும்."

"முட்டை?"

"கடையில விக்குது."

பதிலுக்குக் காத்திராமல் வீட்டை நோக்கி நடந்தார். மீட்டரை எடுத்து டப்பாவில் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஒவ்வொரு படியாகக் கனமாக ஏறினார்.

நோரீன் கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முழிச்சுட்டியா?"

"ம்ம்."

மீட்டரைக் கையில் எடுத்தார். அறுபத்துமூன்று.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "இன்னிக்கு நான் சுடவே இல்லையே..."

"துப்பாக்கியா? அது ஒரு நாள்கூட என் காதுல விழுந்ததில்ல வில்ஃப்."

"தினம் முழிச்சுட்டியான்னு கேட்டேன், ம்ம்னு சொன்னியே!"

"முழிச்சுட்டேன், சொன்னேன். எதனாலன்னு நீ கேட்டியா?" போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள் நோரீன்.

"அந்தக் குழலை உன் பூட்ஸுக்கு மாட்டு."