இறக்கத்தில் ஒரு கால்

நாரினிலிருந்து கொச்கோருக்கு மலைக் கணவாய் வழியே வாடகைக் கார் ஓட்டும் எர்மெக்குக்கு, எட்டு மாதத்தில் மூன்றாவது கிளட்ச் பிளேட்டும் தேய்ந்துபோனது.

“எப்பவும் கிளட்ச் மேலயே காலை வச்சிருக்கியாடா? அப்படியே உங்க அண்ணன்!” என்றார் மெக்கானிக் ஜோல்தோஷ்.

அண்ணன் தோக்தோசுனுக்கு அந்தப் பழக்கம் உண்டு. இறக்கம் வந்தால் முழுசாக மிதித்து வண்டியை உருளவிடுவான். போன குளிர்காலத்தில் அப்படித்தான் வளைவில் கவிழ்ந்து செத்தான். காரை மட்டும் தட்டி நிமிர்த்தி எர்மெக்கிடம் கொடுத்தார்கள்.

“சத்தியமா நான் வைக்கிறதே இல்லைங்க.”

நம்பாத ஜோல்தோஷ், புதுப் பிளேட் மாட்டியதும் முன்னிருக்கையில் ஏறிக்கொண்டார். பின்னால் மூன்று பயணிகள். உச்சி தாண்டியதும் எர்மெக் இடது காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். என்ஜின் உறுமல் சட்டென்று அடங்கியது. கார் வேகமெடுத்தது. ஜோல்தோஷ் குனிந்து பார்த்தார். கிளட்ச் பெடல் தரையோடு அழுந்திக் கிடந்தது.

“வித்துத் தொலைச்சிருடா,” என்றார்.

“வாங்குறவனும் இந்த இறக்கத்துலதானே இறங்கணும்?”

எர்மெக் பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி கீழே பார்த்துச் சொன்னான்:

“காலை எடுண்ணே. பின்னாடி ஆளுங்க இருக்காங்க.”

பெடல் ஒரு விரல் அளவு எழும்பியது. பிறகு மறுபடியும் மெல்லக் கீழே போனது.